மனை புதுக்குவார் அறிய வேண்டுவன

தோற்றுவாய்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றனுள் முன்னைய இரண்டும் நாடோறும் தேடிக்கொள்ளத்தக்கன. உறையுளோ ஒருவன் தன் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ தேடிக்கொள்வது. நாடோறும் செய்யும் செயலிற் பிழை நேரின் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். ஒருமுறையே செய்யும் செயலிற் பிழை நேரின் திருத்துதற்குப் பொருளும் இராது, காலமும் இராது. 'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் செய்துபார்' என்னும் பழமொழி இவ்வுண்மை பற்றியே எழுந்ததாதல் வேண்டும்.

புதுவீடு கட்டுதலினும் பழவீட்டைப் புதுக்குதல் அரிது என்பது எம் கருத்து. புதுவீட்டிற்கு வரைபடம் உண்டு. வங்கிக்கடன் பெறுவார்க்கு மதிப்பீடும் உண்டு. பழவீட்டைப் புதுக்குவார்க்கோ பெரும்பாலும் இவற்றுள் யாதும் இல்லை. ஒரு மேஸ்திரியின் வாய்ச்சொல்லும், அவர் கையிற் கொடுத்த முன்பணமுமே அவர்க்குள்ள ஆதாரம். "எல்லாம் பார்த்துக்கொள்ளலாம், ஐயா" என்னும் ஒரு சொல்லை நம்பி வேலை தொடங்கி, பின்னர்ப் பொருளையும் மன அமைதியையும் ஒருங்கே இழந்தார் நம் நகரிற் பலர். திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் பழமனை உடையார் மிகப் பலராதலானும், நம் பழைய மாணவர் பலர் ஓய்வுபெற்ற காலத்துக் கிடைத்த தொகையைக் கொண்டே தந்தையர் விட்டுச்சென்ற இல்லத்தைப் புதுக்க முற்படுவராதலானும், இப்பொருள் பற்றிச் சில கூறத் துணிந்தோம்.

அரசு செய்வதும் நாம் செய்வதும்

திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலத்தை அறியாதார் நம்மில் இலர். 1976-ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அப்பாலம் பழுதுபார்த்தற்பொருட்டு 2022-இல் மூடப்பெற்று, 2023 மார்ச்சுத் திங்களில் மீண்டும் திறக்கப்பெற்றது. அம்மாதங்களில் ஆற்றைச் சுற்றிச் சென்று வருந்தாத மாணவர் சிலரே. அத்தகைய வேலையை அரசு எங்ஙனம் நடத்துகின்றது என்பதை ஆராய்வார்க்கு ஒரு நல்ல பாடம் கிடைக்கும்.

முதற்கண் பொறியாளர் பழுதை ஆய்ந்து மதிப்பீடு எழுதுவர். பின்னர் ஒப்பந்தப்புள்ளி கோருவர். அதற்கென 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் உளது. ஒப்பந்தம் பெற்றவர் பிணைத்தொகை கட்டுவர். வேலை நடக்க நடக்க அதனை அளந்து அளவுப் புத்தகத்திற் பதிவர். அப்பதிவின்படியே பணம் வழங்குவர். வேலை முடிந்த பின்னரும் குறைநீக்குப் பொறுப்புக் காலம் என ஒரு காலம் குறித்து, அதுகாறும் ஒரு பகுதித் தொகையை நிறுத்திவைப்பர்.

பல பொறியாளரையும் கணக்கரையும் உடைய அரசே இத்துணைக் காப்புத் தேடுமாயின், ஒரு பொறியாளரும் இல்லாத குடும்பத்தலைவன் வெறுங்கையனாய் நிற்றல் எங்ஙனம் தகும்? மதிப்பீடு, தெரிவு, அளவு, தவணை, நிறுத்திவைப்பு என்னும் இவ்வைந்தனையும் சிறிய அளவில் தன் இல்லத்திற்கும் கைக்கொள்வான் ஏமாறான். இதுவே யாம் இக்கட்டுரையிற் கூறப்புகுந்தது.

பழமனையின் இயல்பு

மதிப்பீடு எழுதுமுன் மனையின் இயல்பை அறிதல் வேண்டும். திருவரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என நீண்டு செல்லும் பழைய இல்லங்கள் இன்றும் உள. அவற்றின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. மாடியோ மெட்ராஸ் டெரஸ் என வழங்கும் அமைப்பினது. உத்திரத்தின்மேல் மச்சுக்கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டமாக நிறுத்தி, அதன்மேற் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இடித்துப் படியச்செய்து, மேலே தட்டோடு பதிப்பர்.

இவ்வகைச் சுவர் ஈரத்தை உள்வாங்கிப் பின் வெளிவிடும் தன்மையது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கத்தில் நிலத்தடி ஈரம் சுவரில் ஏறுதல் இயல்பு. சுவரின் அடியில் உவர் பூத்துக் காரை உதிர்வதைக் கண்ட மேஸ்திரி, "சிமெண்டுப் பூச்சுப் பூசிவிடலாம்" என்பார். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை வெளிவிடாது. அடைபட்ட ஈரம் பூச்சின் பின்னே மேலேறி, இரண்டடி உயரத்தில் நின்ற உவர் நான்கடி உயரத்திற் பூக்கும். கொடுத்த பணமும் போய், நோயும் வளர்ந்ததாம். இதற்குச் சுண்ணாம்புப் பூச்சே தக்கது. அவ்வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடித்தல் வேண்டும்.

மாடியிலும் இத்தகைய பிழை நேர்கின்றது. ஒழுகும் மாடியின்மேல் ஒரு கனம் சிமெண்டுக் காங்கிரீட்டு, அதன்மேல் ஓடு, அதன்மேல் நீர்த்தொட்டி எனச் சுமையை ஏற்றிக்கொண்டே போவர். 1000 லிட்டர் நீரின் எடை 1000 கிலோ என்பதைச் சிறுவரும் அறிவர். சுவருக்குள் புதைந்த மச்சுக்கட்டையின் நுனி ஒழுக்கினால் முன்னரே உளுத்திருப்பின், அச்சுமையை அது தாங்குமோ?

இஃது அச்சுறுத்தக் கூறியதன்று. 2024-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், நம் நகரின் அரியமங்கலம் பகுதியிற் பழைய வீடொன்றின் கூரை இடிந்து வீழ, ஒரே குடும்பத்தார் நால்வர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5-ஆம் நாள், திருவரங்கத்துக் கிழக்குக் கோபுரத்தின் முதல் நிலையில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. அஃது இரவுப்பொழுதாதலின் யார்க்கும் ஊறு நேர்ந்திலது. பழைய கட்டடம் சொல்லிக்கொண்டு விழுவதில்லை. ஆதலின் கூரை, உத்திரம், சுவர் ஆகியவற்றைத் தொடும் வேலைக்கு முன், ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டி அவர் கருத்தை எழுத்திற் பெறுதல் செலவன்று, காப்பாகும்.

நல்ல முன்மாதிரியும் நம் கண்முன்னரே உளது. திருவரங்கத்துக் கோயிற் புதுக்குப் பணிக்கு யுனெஸ்கோ நிறுவனம் ஆசிய-பசிபிக் நாடுகளுக்கு வழங்கும் மரபுச்சின்னப் பாதுகாப்பு விருதுகளுள் ஒன்று 2017-ஆம் ஆண்டு கிடைத்தது. பிற்காலத்திற் சேர்ந்த தேவையற்ற கட்டடங்களை நீக்கியதும், பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீண்டும் இயங்கச் செய்ததும் அப்பணியின் சிறப்புக்கள். முன்னோர் நீரை எவ்வழி போக்கினர் என்று முதலிற் கேட்டு, அதன் பின்னரே கைவைத்தனர். ஒரு சிறு வீட்டைப் புதுக்குவானும் முதலிற் கேட்கவேண்டிய வினா அதுவே: முற்றத்து நீர் எங்கே போயிற்று? இப்பொழுது ஏன் போகவில்லை?

ஆளைத் தெரிதல்

திருவள்ளுவனார் 'தெரிந்து தெளிதல்' என ஓரதிகாரமும், 'தெரிந்து வினையாடல்' என அதனையடுத்து மற்றோரதிகாரமும் வகுத்தார். முன்னது ஆராய்ந்து நம்புதல். பின்னது நம்பியவர்பால் வினையை ஒப்புவித்தல். நாமோ முறையை மாற்றி, வினையை ஒப்புவித்த பின்னர் ஆராயத் தொடங்குகின்றோம்.

ஒரே வேலைக்கு மூவரிடமேனும் மதிப்பீடு பெறுக. மூவர்க்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தல் இன்றியமையாதது; பட்டியல் வேறுபடின் தொகையை ஒப்பிடுதல் இயலாது. மற்றிருவரினும் மிகக் குறைத்துச் சொல்வாரை அப்பொழுதே ஏற்றுக்கொள்ளாது, எப்பொருளை விடுத்தார் என வினவுக. அவர் முன் செய்த வேலை இரண்டினைச் சென்று காண்க. புதிதாய் முடிந்த வேலையைக் காண்பதனால் பயனில்லை. வண்ணம் எல்லாக் குறையையும் மறைக்கும். ஒரு மழைக்காலமேனும் கண்ட வேலையைப் பார்த்து, அவ்வீட்டுக்காரரிடம், "சொன்ன நாளில் முடித்தாரா? முடித்தபின் கூப்பிட்டால் வந்தாரா?" என இரு வினா வினவினால் போதும்.

முன்பணம் மிகுதியாகக் கேட்பாரிடத்து விழிப்பாயிருத்தல் வேண்டும். யாம் பாலக்கரைப் பகுதியில் அறிந்த முதியவர் ஒருவர், அடுக்களையையும் மாடியையும் செப்பனிட மூன்று இலட்சம் ரூபாய்க்குப் பேசி, அதிற் பாதியை முதல் நாளிலேயே கொடுத்தார். இரு கிழமை வேலை நடந்தது. பின் ஆட்கள் வந்திலர். அடுக்களை நான்கு மாதம் இடித்தபடி கிடந்தது. அம்மையார் திண்ணையில் அடுப்பு வைத்துச் சமைத்தார். அவ்வொப்பந்தக்காரரும் கள்வரல்லர். முந்தைய வேலையிற் பட்ட கடனை இவ்வேலையின் முன்பணத்தால் அடைத்தார்; இவ்வேலையை முடிக்க அடுத்த வேலையின் முன்பணத்தை எதிர்நோக்கினார். இத்தொழிலில் இவ்வழக்கம் பரவியுள்ளமையின், நாம் கொடுக்கும் முன்பணம் நம் வீட்டில்தான் செலவாகும் என்பதற்கு உறுதியில்லை. முன்பணத்தைக் குறைத்தலே இதற்கு மருந்து.

அளவும் எழுத்தும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, அரண்மனை எடுக்குமுன் நூல் வல்லார் கயிறிட்டு அளந்து திசை நோக்கி வகுத்தமையைக் கூறுகின்றது. அரண்மனைக்கு வேண்டிய அளவு அடுக்களைக்கும் வேண்டும்.

ஒப்பந்தம் மூவகைப்படும். பொருளும் கூலியும் சேர்த்து முழுத்தொகைக்குப் பேசுதல் ஒன்று. சதுர அடிக்கு இன்ன விலையெனப் பேசுதல் ஒன்று. பொருளை நாமே வாங்கிக்கொடுத்துக் கூலிக்கு மட்டும் பேசுதல் ஒன்று. முதல் வகையிற் பொருளின் தரத்தையும், இரண்டாவதில் அளக்கும் முறையையும், மூன்றாவதிற் பொருள் வீணாதலையும் கவனித்தல் வேண்டும்.

அளக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள சுவரின் பரப்பு 120 சதுர அடி. அதில் 7 அடிக்கு 3 அடியாக ஒரு கதவு உளதாயின், அதன் 21 சதுர அடியைக் கழிக்கப் பூச்சு வேலை 99 சதுர அடியே. கழிப்பதா, கழியாது விடுவதா என்பதை முன்னரே எழுதாவிடின், வேலை முடிந்த நாளிற் பூசல் விளையும்.

மணலும் சல்லியும் யூனிட்டுக் கணக்கில் வரும். ஒரு யூனிட்டு 100 கன அடி. வண்டித் தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம் உடையதாக, மணல் இரண்டரை அடி உயரம் நிரம்பியிருப்பின் 150 கன அடி, அஃதாவது ஒன்றரை யூனிட்டு. உயரம் இரண்டடியே இருப்பின் 120 கன அடிதான். அரையடி குறைந்ததைக் கண் அறியாது; கோல் அறியும். கொட்டுமுன் அளத்தல் வேண்டும். கொட்டியபின் அளத்தல் அரிது.

கம்பியின் எடைக்கும் எளிய கணக்கு உண்டு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரிற் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர்க் கம்பியின் எடை கிலோவிற் கிடைக்கும். 12 மில்லிமீட்டர்க் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி 10.67 கிலோ நிற்கும். இதனினும் மிகக் குறைந்து நிற்பின் அது தரக்குறைவான கம்பியாம்.

காங்கிரீட்டுக்கு நீராட்டும் நாளையும் எழுதுக. ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதிநூல், சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஏழு நாளேனும், கலப்புச் சிமெண்டுக்குப் பத்து நாளேனும் ஈரங்காத்தல் வேண்டும் என விதிக்கின்றது. ஆள் வராத ஞாயிற்றுக்கிழமையில் நீர் விடுவது யார் என்பதும் ஒப்பந்தத்திற்குரிய பொருளே.

வேலையின் விவரம், பொருளின் பெயரும் தரமும், அளவு, விலை, தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தாமதித்தால் கழிக்கும் தொகை, குப்பையை அகற்றுவது யார், பக்கத்துப் பொதுச்சுவருக்கு ஊறு நேரின் பொறுப்பு யாருடையது என்பனவற்றை முத்திரைத்தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடல் வேண்டும். இடையில் ஏதேனும் மாற்றம் தோன்றின், அதன் விலையை அன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுக. "எக்ஸ்ட்ரா வேலை" என்னும் பெயரால் முடிவில் வரும் பெருந்தொகை, பெரும்பாலும் நாம் வாய்ச்சொல்லாற் சேர்த்த சிறு மாற்றங்களின் தொகுதியே.

பணம் கொடுக்கும் முறை

நான்கு இலட்சம் ரூபாய் வேலை எனக் கொள்வோம். தொடக்கத்தில் 40,000 ரூபாய் கொடுக்கலாம். கூரை வேலை முடிந்ததும் 80,000. குழாயும் மின்கம்பியும் பதித்து முடிந்ததும் 80,000. பூச்சு முடிந்ததும் 80,000. தளமும் வண்ணமும் முடிந்ததும் 80,000. எஞ்சிய 40,000-ஐ நிறுத்திவைத்தல் வேண்டும். ஒவ்வொரு தவணையும் நாட்கணக்கிற்கன்று, முடிந்த வேலைக்கே உரியது. குளியலறைத் தளத்தில் ஓடு பதிக்குமுன் ஒரு நாள் முழுதும் நீரைத் தேக்கிக் கீழே கசிவில்லையெனக் கண்ட பின்னரே அத்தவணையைக் கொடுக்க.

நிறுத்திவைத்த தொகையை எப்பொழுது கொடுப்பது? நம் நாட்டில் இதற்கு இயற்கையே நாள் குறித்துள்ளது. திருச்சிக்கு மழை தருவதில் வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்வது. சித்திரையில் முடித்த மாடி ஒழுகாதென யாரும் சொல்லலாம். கார்த்திகையில் ஒழுகாதிருத்தலே சான்று. ஒரு பருவமழை கழிந்து பொங்கலுக்கு முன் எஞ்சிய தொகை கொடுக்கப்படும் என எழுதிக்கொள்வார்க்கு, மழைக்காலத்தில் அழைத்தால் ஆள் வரும்.

சட்டம் தரும் துணை

சட்டம் காக்கும் என எண்ணி எழுத்தை இகழ்தல் கூடாது. வீடு விற்போரை ஒழுங்குபடுத்தும் ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டின் சட்டம், புதுவீடு வாங்கினார்க்குக் கட்டமைப்புக் குறைகளை ஐந்தாண்டுவரை விற்றவரே செலவின்றித் திருத்தித் தருமாறு விதிக்கின்றது. அச்சட்டமே, விற்பனை நோக்கமில்லாத பழுதுபார்ப்பும் புதுக்குதலும் தன் பதிவு விதிக்கு உட்படா எனவும் கூறுகின்றது. அடுக்கக வீடு வாங்கினானுக்குச் சட்டம் எழுதிக்கொடுத்த காப்பைத் தன் பழமனையைப் புதுக்குவான் தானே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆயினும் அதனை மெய்ப்பித்தல் அரிது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வீடு கட்டித் தருதலையும் சேவை என்னும் சொல்லுள் அடக்குகின்றது. ஆதலின் குறையுள்ள வேலை பற்றி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவை அவ்வாணையத்திற்குரியன. 5 இலட்சத்திற்கு மேற்படாதாயின் கட்டணமும் இல்லை. காரணம் தோன்றிய நாள்முதல் இரண்டாண்டுக்குள் முறையிடல் வேண்டும். அங்கே சென்று நிற்பார்க்குக் கையில் வேண்டுவன ஒப்பந்தத் தாள், பணம் கொடுத்த இரசீது, நாளிட்ட நிழற்படம் என்னும் மூன்றுமே. ரொக்கமாகக் கொடாது வங்கி வழியாகக் கொடுப்பது இதன்பொருட்டே.

அனுமதியையும் மறத்தலாகாது. 1994 முதல் திருவரங்கம் திருச்சி மாநகராட்சியைச் சேர்ந்ததாதலின், சுவரை மாற்றுவதும் மாடி எடுப்பதும் அம்மாநகராட்சியின் அனுமதிக்கு உட்பட்டன. மலைக்கோட்டைப் பல்லவர் குடைவரை போன்ற மத்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்புதல் கூடாது. பழுதுபார்த்தற்கும் உரிய அதிகாரியின் இசைவு வேண்டும். "அதெல்லாம் யாரும் கேட்கமாட்டார்" எனக் கூறும் ஒப்பந்தக்காரர் கேள்வி வரும் நாளில் உடனிரார். விடையிறுக்க வேண்டியவர் வீட்டுக்காரரே.

தொழிலாளர்பால் கடமை

இதுகாறும் வீட்டுக்காரர் பக்கமே பேசினோம். ஏமாற்றுவார் ஒருபால் மட்டும் உளர் என எண்ணுதல் நேர்மையன்று. ஒத்துக்கொண்ட தவணையைக் காலத்திற் கொடாது இழுத்தடிப்பாரும், நாளுக்கொரு மாற்றம் சொல்லிக் கூலி உயர்த்த மறுப்பாரும் நம்முள் உளர். தவணை தாமதித்தால் அதன் துன்பம் ஒப்பந்தக்காரரோடு நில்லாது. சனிக்கிழமை மாலையில் கூலிக்குக் காத்துநிற்கும் சித்தாளின் அடுப்பைச் சென்று தொடும். சாரத்தின்மேல் ஏறுவார்க்குக் கயிறும் தலைக்கவசமும் உளவா என நோக்குதலும் நம் கடமை. கட்டுமானத் தொழிலாளர்க்கென 1994-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் ஏற்பட்ட நல வாரியத்தில் பதிந்தவர்க்கு விபத்து உதவி முதலியன உண்டு. வேலைக்கு வருவார் பதிந்துள்ளாரா எனக் கேட்டு, பதியாதார்க்கு வழி கூறுதல் படித்த இளைஞர் எளிதிற் செய்யக்கூடிய உதவியாம்.

முடிவுரை

எழுதிக்கொள்ளுதல் ஐயத்தின் அடையாளம் எனப் பலர் கருதுவர். தெரிந்தவரிடம் தாள் கேட்பது முறையன்று என நாணுவர். எம் கருத்து அதற்கு மாறானது. வேலை தொடங்குமுன் இருவரும் ஒரே மனத்தினராயிருக்கின்றனர்; அம்மனநிலையை அப்படியே தாளிற் பதித்துவைப்பதே ஒப்பந்தம். பிற்றைநாள் நினைவு தவறும்பொழுது அத்தாள் இருவர்க்கும் நடுநின்று பேசும். அதனால் நட்புக் கெடாது. எழுதாமையினாலேயே கெட்ட நட்புக்கள் பல.

நம் மாணவர் பலர் இல்லங்களில் தந்தையரே இவ்வேலைகளைப் பார்த்துவருகின்றனர். அளக்கவும் கணக்கிடவும் எழுதவும் கற்ற நாம், விடுமுறையில் வீட்டிலிருக்கும் நாட்களிலேனும் ஓர் அளவுநாடாவும் ஒரு குறிப்பேடும் கையிற்கொண்டு அவர்க்குத் துணைநின்றால், நம் கல்வி நம் இல்லத்திற்கே முதற்பயன் தந்ததாகும்.